தடியங்காய் நடந்து வந்த பாதை



புரட்டாசி வந்துவிட்டது. ஆயுதபூஜைக்கு இனி அதிக நாள் இல்லை. கடைத்தெருவில் சாம்பல் பூத்த பூசணிக்காய்கள் குவியத் தொடங்கும். சென்ற வாரம் என் பேத்தி அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதைச் சாப்பிடவும் செய்வாங்களா?" என்று கேட்டாள். நகரத்தில் வளரும் பிள்ளை. நடுரோட்டில் உடைந்து கிடப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். பதிவு நீளமானது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். நம் திருநெல்வேலிப் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் இது தடியங்காய். மற்ற ஊர்களில் வெண்பூசணி, சாம்பல் பூசணி, நீர்ப்பூசணி, கல்யாணப் பூசணி என்று பல பெயர்கள். யாழ்ப்பாணத்தில் நீற்றுப்பூசணி. நீறு என்றால் சாம்பல்தான். கன்னடத்தில் 'பூது கும்பள', தெலுங்கில் 'பூடித கும்மடி'. பூது, பூடித இரண்டுக்கும் பொருள் சாம்பலே. மலையாளத்தில் கும்பளங்ஙா. வடக்கே பேட்டா. வடமொழியில் கூஷ்மாண்டம். நவதுர்க்கைகளில் நாலாவது அம்மனின் பெயர் கூஷ்மாண்டா என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை மொழிக்காரர்களும் காயின் மேலிருக்கும் அந்தச் சாம்பலைத்தான் முதலில் கவனித்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. இந்தக் காயின் சரித்திரம் முழுவதும் அந்தச் சாம்பலில்தான் அடங்கியிருக்கிறது.

*சாம்பல் என்பது என்ன?*

அது சாம்பல் இல்லை, மெழுகு. பிஞ்சாக இருக்கும்போது காயின் மேல் சொரசொரப்பான முடி இருக்கும். கையில் குத்தும். முற்ற முற்ற முடி உதிர்ந்து, தோலில் வெள்ளை மெழுகு படியும். காய்க்குள்ளே 100க்கு 96 பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீர் உள்ள வேறு காய்கள் நாலைந்து நாளில் வாடிவிடும், அல்லது அழுகிவிடும். இதன் மெழுகோ உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது; வெளியிலிருக்கும் பூஞ்சையை எளிதில் உள்ளே விடாது. நன்றாக முற்றிய காயைக் காம்போடு பறித்து, அடிபடாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பக்குவமாக வைத்தால் ஆறு மாதம் வரைகூடத் தாங்கும். ஐஸ் பெட்டி வேண்டாம், மருந்து வேண்டாம்.

விஞ்ஞானிகள் பெயர் வைத்த கதையும் இந்த முடியையும் மெழுகையும் பற்றியதுதான். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் துன்பெர்க் 1775-76இல் ஜப்பானில் இருந்தவர். அங்குள்ள செடிகளை வர்ணித்து எழுதியபோது இதற்கு 'ஹிஸ்பிடா' என்று பெயர் கொடுத்தார். முடி நிறைந்தது என்று பொருள். பிறகு 1818இல் இத்தாலியரான சாவி இதற்கு 'பெனின்காசா செரிஃபெரா' என்று பெயரிட்டார். செரிஃபெரா என்றால் மெழுகு தருவது. ஒருவர் பிஞ்சின் முடியை வைத்தும், மற்றவர் முற்றிய காயின் மெழுகை வைத்தும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் சட்டம். ஆகவே இன்று பெனின்காசா ஹிஸ்பிடா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

*1,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு பாடம்*

இந்தக் காய் வெப்ப ஆசியாவின் சொத்து. இந்தியா, தென்கிழக்காசியா, சீனம் ஆகிய இடங்களில் மிகப் பழைய காலந்தொட்டுப் பயிராகிறது. சீனர்கள் இதைக் 'குளிர்காலப் பூசணி' என்கிறார்கள். கோடையில் காய்த்தாலும் குளிர்காலம் வரை வைத்துச் சாப்பிடலாம் என்பதால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். தோலின் வெண்மை உறைபனி போல் இருப்பதால் என்பது இன்னொரு விளக்கம்.

சீனாவில் ஜியா சிஷியே என்ற அதிகாரி 6ஆம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 'சிமின் யாவ்ஷு' என்று பெயர். சாதாரண மக்களின் பிழைப்புக்கு வேண்டிய நுட்பங்கள் என்று பொருள் கொள்ளலாம். அதில் இந்தக் காயை வளர்க்கும் முறை இருக்கிறது. அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

சுவரோரமாகக் குழி எடுத்து, மக்கிய எருவை மண்ணோடு கலந்து விதை போட வேண்டும். கொடி எழுந்ததும் சுவரில் குச்சிகளைச் சாய்த்து அதன் மேல் ஏற்றிவிட வேண்டும். வெயில் காய்ந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எட்டாம் மாதத்தில் கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு கொடிக்கு ஐந்தாறு காய் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். அதிகம் விட்டால் எதுவும் ஒழுங்காக முற்றாது. பத்தாம் மாதம், உறைபனி நன்றாகப் பட்ட பிறகுதான் பறிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பறித்தால் அழுகிவிடும். தோலும் விதையும் நீக்கிக் கடுகு விழுதிலோ சோயா விழுதிலோ போட்டு வைத்தால் நன்றாயிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, விதைக்கும் நாளிலிருந்தே அந்த மனிதரின் நினைப்பெல்லாம் காய் கெடாமல் இருக்க வேண்டும் என்பதில்தான். எத்தனை காய் என்பதைவிட எத்தனை நாள் என்பதே அவர் கணக்கு. இரண்டு, இதை அவர் வயலில் போடச் சொல்லவில்லை. சுவரோரத்தில் போடச் சொல்கிறார். வீட்டுக்கு ஒரு கொடி.

*கூரை மேல் கிடந்த காய்*

வங்காளத்தில் இந்தக் காயின் பெயர் 'சால் கும்டோ'. சால் என்றால் கூரை. குடிசையின் ஓரத்தில் விதை போட்டுக் கொடியை ஓலைக் கூரையின் மேல் ஏற்றிவிடுவார்கள். காய் கூரை மேலேயே படுத்து முற்றும். தனியாக நிலம் வேண்டாம், பந்தல் வேண்டாம்.

நம் பக்கமும் அப்படித்தான். உங்களில் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். புறவாசலில், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேருமிடத்தில் ஆடியில் நாலு விதை போடுவார்கள். ஐப்பசி மழையில் கொடி வேலியிலும் மாட்டுத்தொழுவக் கூரையிலும் ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் காய் முற்றும். தைப் பொங்கலன்று ஒன்றை அறுத்துக் குழம்பு வைப்பார்கள். மீதியைப் பரணில் வைக்கோல் மேல் ஒன்றையொன்று தொடாமல் வைப்பார்கள், அல்லது கயிறு கட்டி விட்டத்தில் தொங்கவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் கிணறு வற்றித் தோட்டத்தில் பச்சை எதுவும் இல்லாதபோது அந்தக் காய் கீழே இறங்கும். மோர்க்குழம்பாகும், கூட்டாகும், பச்சடியாகும்.

பொங்கலுக்கு மூணு மாதம் கழித்து, தண்ணீர் இல்லாத காலத்தில், தண்ணீர் நிறைந்த ஒரு காய். கையில் காசில்லாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சத்துக்குப் பயந்து வாழ்ந்த ஒரு சமூகம் இந்தக் கொடியை வீட்டை விட்டுப் பிரிக்காமல் வைத்திருந்ததில் வியப்பில்லை.

*பரங்கி வந்தது*

நம்மிடம் மஞ்சள் பூசணி என்று இன்னொன்று இருக்கிறதே, அது வேறு குடும்பமா என்று கேட்பீர்கள். குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது தூரத்துச் சொந்தம். மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு போய்ச் சேர்ந்த பிறகு, ஐரோப்பியர்களின் கப்பல்கள் வழியாகத்தான் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி போல அதுவும் நமக்கு வந்தது. அதன் பெயரே சாட்சி சொல்கிறது. பரங்கிக்காய், அதாவது பரங்கியர் கொண்டுவந்த காய்.

புதிதாக வந்த காய் பழைய காயின் பெயரையும் பல ஊர்களில் எடுத்துக்கொண்டது. இன்று சென்னையில் 'பூசணி' என்றால் மஞ்சள்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. பழையதை அடையாளம் சொல்ல 'வெள்ளை', 'சாம்பல்' என்று அடைமொழி போட வேண்டியதாயிற்று.

பழைய காய்க்கு ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபாரின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' என்ற பெரிய நூலைத் தயாரித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் சொன்ன செய்திகள் அந்த நூலுக்கு முதுகெலும்பு. அதன் 8ஆம் தொகுதியில் நம் காய் 'கும்பளம்' என்ற பெயரிலேயே படத்துடன் இடம்பெற்றிருக்கிறது. ஐரோப்பியர் படம் வரைந்து கொண்டுபோன காலத்திலேயே அது மலபார் வீடுகளின் உணவாகவும் மருந்தாகவும் இருந்தது. இன்றும் கேரளத்தில் 'நெய்க்கும்பளம்' என்று சிறிய காயாக ஒரு வகை உண்டு. அது வைத்தியத்துக்கென்றே வளர்க்கப்படுவது. கூஷ்மாண்ட லேகியம், வெண்பூசணி லேகியம் என்று நம் சித்த, ஆயுர்வேதக் கடைகளில் விற்பதும் இந்தக் காயில் செய்ததுதான்.

*வடகமும் மிட்டாயும்*

தானாகவே ஆறு மாதம் இருக்கும் காயை இன்னும் அதிக நாள் வைக்கவும் நம் பெண்கள் வழி கண்டார்கள். துருவிப் பிழிந்து உளுந்து மாவோடு சேர்த்து வெயிலில் காயவைத்தால் வடகம். ஆந்திராவில் இதுவே கும்மடி வடியாலு. கர்நாடகத்தில் சண்டிகெ. வங்காளத்தில் போரி. ஊருக்கு ஊர் பெயர் வேறு, கைப்பக்குவம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்னொரு வழி சர்க்கரை. இந்தக் காய்க்கு என்று பெரிய ருசி கிடையாது. அதனால்தான் எந்த ருசியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். துண்டு போட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சதை இறுகும். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் காயின் பெக்டினோடு சேர்ந்து அதைக் கட்டியாக்குகிறது. பிறகு வேகவைத்துப் பாகில் போட்டால் கரையாமல் நிற்கும். இந்த முறையில் சீனாவிலும் வியட்நாமிலும் புத்தாண்டுக்கு மிட்டாய் செய்கிறார்கள். இலங்கையில் சிங்களவர் 'புஹுல் தோசி' என்று செய்கிறார்கள். வட இந்தியாவில் ஆக்ரா பேட்டா. நம் கல்யாணப் பந்தியில் வரும் காசி அல்வாவும் இதே காய்தான். அதில் துருவிப் போடுவோம், அவ்வளவே வித்தியாசம்.

*ஆக்ராவின் அடுப்புகள்*

ஆக்ராவுக்குச் சுற்றுலா போனவர்கள் நூரி தர்வாசா பக்கம் போயிருப்பீர்கள். தெரு முழுக்கப் பேட்டாக் கடைகள். தாஜ்மகால் கட்டிய காலத்தில் வேலைக்காரர்களுக்காக உண்டான மிட்டாய் என்று அங்கே கதை சொல்வார்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். நமக்கு முக்கியம் வேறு. வீட்டுக் கூரையில் ஐந்தாறு காயாக இருந்தது வயலில் டன் கணக்கில் விளைவதற்கு ஆக்ரா ஒரு பெரிய காரணம். மிட்டாய்க்குப் பெரிய, சதைப்பற்றுள்ள, நன்றாக முற்றிய காய் வேண்டும். வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட காசி தவல் என்ற ரகத்தின் காய் 10 கிலோவைத் தாண்டும். பேட்டாவுக்கு ஏற்றது என்றே அதைச் சிபாரிசு செய்கிறார்கள்.

அந்த அடுப்புகளுக்கும் ஒரு சோதனை வந்தது. புகையால் தாஜ்மகாலின் பளிங்கு கெடுகிறது என்ற வழக்கில் 1996 டிசம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தாஜைச் சுற்றியுள்ள பகுதியில் நிலக்கரி எரிக்கும் தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும். அதன் பிறகு, நிலக்கரி எரித்த பேட்டா அடுப்புகள் மீதும் அந்த நெருக்கடி விழுந்தது. இதனால் எரிபொருள் செலவு ஏறும்போது மிட்டாய்க்காரர் காய்க்குக் கொடுக்கும் விலையைப் பற்றியும் யோசிப்பார் அல்லவா? ஒரே ஒரு சந்தையை நம்பிப் பயிர் செய்தால் எங்கோ நடக்கும் மாற்றமும் வயலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

*உயிருக்குப் பதில் ஒரு காய்*

நம் ஊர் வியாபாரம் வேறு திசையில் போனது. உயிர்ப்பலிக்குப் பதிலாகக் காயைப் பலி கொடுக்கும் வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. வங்காளத்தில் துர்கா பூஜையன்று ஆட்டுக்குப் பதிலாகச் சால் கும்டோவை வெட்டுகிறார்கள். நாம் குங்குமம் வைத்துத் திருஷ்டி கழித்து உடைக்கிறோம். உள்ளே குங்குமத்தைத் தடவினால் வெள்ளைச் சதை சிவப்பாகிவிடுகிறது. ஓர் உயிரை விட்டுவிட்டு ஒரு காயை எடுத்துக்கொண்ட நம் முன்னோர்களின் கருணையை நான் மதிக்கிறேன். அந்த வழக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் இப்போது பட்டறை, கடை, லாரி, ஆட்டோ, அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று என்றாகி, ஒரே இரண்டு நாளில் ஊர் முழுக்க லட்சக்கணக்கில் உடைகிறது. கண் திருஷ்டிக்கு வாசலில் முகம் வரைந்து தொங்கவிடும் காயும் இதுவே. புது வீடு கட்டும் இடத்தில் அது எத்தனை மாதம் கெடாமல் தொங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் அருமையை நாள்தோறும் பார்த்துக்கொண்டேதான் அதை மறந்திருக்கிறோம்.

*பட்டம் மாறியது*

இப்போது வயலுக்கு வருவோம். விவசாயம் செய்யும் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள்.

நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. கோ 1 சற்றுப் பெரிய காய். 140 நாளுக்கு மேல் ஆகும். கோ 2 சிறிய காய்; சுமார் 120 நாள். சிபாரிசு செய்யும் பட்டம் ஜூலையும் ஜனவரியும், அதாவது ஆடிப்பட்டமும் தைப்பட்டமும். குழிக்குக் குழி இரண்டு மீட்டர், ஒன்றரை மீட்டர் இடைவெளி. குழியில் ஐந்து விதை போட்டு, முளைத்ததும் நல்ல இரண்டை விட்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். முதலில் ஆண் பூக்களே அதிகம் வரும். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். பூ விட்ட சமயத்தில் காலையில் மருந்து அடித்துத் தேனீயைக் கொன்றுவிட்டுப் பிறகு காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. பிஞ்சில் பழ ஈ முட்டை வைத்தால் காய் உள்ளேயே அழுகும். அப்படிப்பட்ட பிஞ்சை வயலிலேயே விட்டுவைக்காமல் பொறுக்கி அழிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு 3 சதுர மீட்டர். ஏக்கருக்கு சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக சுமார் 1,350 குழிகள், 2,700 கொடிகள். ஏக்கருக்கு 8 டன் விளைந்தால் ஒரு கொடிக்கு எவ்வளவு? சுமார் 3 கிலோ. அதாவது சிறிய ரகமானால் கொடிக்கு ஒரு காய். சீனத்துப் புத்தகத்தில் சுவரோரத்துக் கொடிக்கு ஐந்தாறு காய் விடச் சொன்னாரே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக் கொடிக்குக் கழுவிய தண்ணீர், சாணம், ஆளின் கண் எல்லாம் கிடைத்தன. வயல் கொடிக்கு அளந்து போட்ட எருதான். கொடிக்கு ஒரு காய் என்பதால் அந்த ஒரு காயின் விலைதான் விவசாயியின் வருமானம்.

இதில் பட்டம் எப்படி மாறியது என்பதைப் பாருங்கள். ஆடியில் விதைத்தால் காய் கார்த்திகை, மார்கழியில் முற்றும். ஆயுதபூஜையோ புரட்டாசியில், சில ஆண்டுகளில் ஐப்பசியில் வருகிறது. ஆகவே பூஜைச் சந்தைக்குக் காய் வேண்டுமென்றால் வைகாசி கடைசியிலோ ஆனி தொடக்கத்திலோ விதைக்க வேண்டும். மழைக்கு ஏற்ப அமைந்த பட்டத்தை விட்டுவிட்டு, கடும் காற்றிலும் வெயிலிலும் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிக் கொடியைக் காப்பாற்ற வேண்டும். தேதியும் தப்பக்கூடாது. மழை, காற்று, பூச்சி எதனால் பத்து நாள் பிந்தினாலும் வியாபாரி வாங்குவதற்கு யோசிப்பார்.

என் கொழுந்தனார் வீட்டில் இது நடந்தது. ஒன்றரை ஏக்கர், அதுவும் குத்தகை நிலம். தொடக்கத்தில் வெயிலுக்கு விதை சரியாக முளைக்கவில்லை. மறுபடி விதைத்ததில் இரண்டு வாரம் பிந்திவிட்டது. பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்துக் காய் முற்றியது. காயில் ஒரு குறை கிடையாது. அடித்தால் கணீரென்று சத்தம் வரும். மண்டியில், "பூஜை முடிஞ்சு போச்சே அண்ணாச்சி, இப்ப யாரு வாங்குவா?" என்று விட்டார்கள். சொன்ன விலை வண்டிக் கூலிக்கே சரியாக இருந்தது. வீட்டில் வைக்கக் கொட்டகை இல்லை. அடுத்த பயிருக்கு நிலத்தைக் காலி செய்ய வேண்டும். உரக்கடைக் கடன் நிற்கிறது. பாதிக்கு மேல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போனது, மிச்சத்தை உழுதுவிட்டார்.

நான் இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான். ஆறு மாதம் காத்திருக்கக்கூடிய காய் அது. அதற்காகத்தான் 1,500 ஆண்டுக்கு முன்பே ஒருவர் அதை வளர்க்கும் முறையை எழுதிவைத்தார். அதற்காகத்தான் வங்காளத்தில் கூரையிலும் நம் வீட்டில் பரணிலும் அது கிடந்தது. காய்க்குக் காத்திருக்கத் தெரியும். அதை விளைவித்தவருக்குத்தான் இன்று காத்திருக்க வழியில்லை. கொடி வீட்டில் இருந்தபோது காயை எப்போது இறக்குவது என்பதை வீட்டுக்காரி முடிவு செய்தாள். வயலுக்குப் போனபின் அந்த முடிவு சந்தையின் கைக்குப் போய்விட்டது.

*நாம் செய்யக்கூடியது*

விவசாயம் செய்யும் பிள்ளைகளுக்கு: முழு நிலத்தையும் ஒரே தேதியை நம்பி விதைக்காதீர்கள். பாதியைப் பூஜைக்கும் பாதியை ஆடிப்பட்டத்துக்கும் பிரியுங்கள். ஆடியில் போட்டது பொங்கலுக்கும், அதற்குப் பின் கல்யாண மாதங்களுக்கும் போகும். கல்யாணச் சமையல்காரர்கள், வடகம் போடும் மகளிர் குழுக்கள், லேகியம் செய்பவர்கள் ஆகியோரிடம் விதைக்கும் முன்பே பேசி வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஓலைக்கொட்டகை போட முடிந்தால் போடுங்கள். தரையில் வைக்கோல் பரப்பி, காம்பை ஒட்ட நறுக்காமல், மெழுகைத் துடைக்காமல், ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் போதும். அடிபட்ட காயை முதலில் விற்றுவிடுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு: பூஜை முடிந்த மறுவாரம் விலை விழுந்து கிடக்கும்போது இரண்டு காய் வாங்கி வையுங்கள். அடுப்படி மூலையில் கிடந்தால் கெடாது. நறுக்கிய பிறகுதான் அவசரம். மோர்க்குழம்பு வைக்கத் தெரியாத மருமக்கள் கூச்சப்படாமல் என்னைக் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லித் தருகிறேன்.

எல்லோருக்கும்: உடைப்பதானால் ரோட்டின் ஓரத்தில் உடையுங்கள். உடைத்த கையோடு துண்டுகளை அள்ளி மாட்டுக்குப் போடுங்கள், அல்லது குழியில் தள்ளுங்கள். வழவழப்பான சதை மேல் இருசக்கர வண்டி ஏறினால் சறுக்கும். ஆண்டுதோறும் இதில் கை கால் முறிந்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. உயிருக்குப் பதிலாகக் கொடுத்த காய் ஓர் உயிரை வாங்கலாமா?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நன்றாக முற்றிய நாட்டுக் காயிலிருந்து விதை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டி வையுங்கள். வருகிற தைப்பட்டத்தில் ஒரு பெரிய தொட்டியில் இரண்டு விதை போட்டுப் பாருங்கள். கொடியைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிடலாம். சீனத்துக்காரர் சொன்ன முறையும் அதுதானே.

உங்கள் ஊரில் இந்தக் காய்க்கு என்ன பெயர்? உங்கள் வீட்டில் இதில் என்ன சமைப்பீர்கள்? பாட்டி, பூட்டி காலத்துப் பக்குவம் ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். மும்பையிலும் துபாயிலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கப் போகிறேன்.

எல்லோருக்கும் ஆயுதபூஜை, சரஸ்வதி பூஜை வாழ்த்துகள். புத்தகத்தைப் பூஜையில் வைத்த மறுநாள் மறக்காமல் எடுத்துப் படிக்கவும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்